'கெமிக்கல்' என்னும் சாக்கு

"இங்கிலீஷ் மருந்து பூரா கெமிக்கல். நாட்டு மருந்துல அது கிடையாது." போடியில் தொடங்கி கூடலூர் வரை, கம்பம் பள்ளத்தாக்கில் இதை யாரும் வாதமாகச் சொல்வதில்லை, எல்லோரும் ஒப்புக்கொண்ட சங்கதியாகச் சொல்கிறார்கள். மருந்துக்கடை வாசலில் மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே சொல்கிறவர்களும் உண்டு.

அந்தக் கருத்தை அதன் முழு பலத்தோடு முதலில் வைத்துவிடுகிறேன். மண்ணில் விளைவது உடம்புக்கு உறவு, ஆய்வகத்தில் செய்வது அந்நியம். உறவு உடம்பைக் கெடுக்காது. அந்நியமோ ஒன்றைக் குணமாக்கி இன்னொன்றைக் கெடுக்கும். பாட்டன் பூட்டன் சுக்கும் மிளகும் ஆடாதோடையும் வைத்தே பிழைத்தார்கள். இன்றோ கம்பெனிக்காரர்கள் ஆயுள் முழுக்க மாத்திரைக்கு நம்மை அடிமையாக்கிவிட்டார்கள். ஆகவே கெமிக்கலை விடு, இயற்கைக்குத் திரும்பு.

இப்படிச் சொல்கிறவர்கள் மூடர்கள் அல்லர். மூட்டுவலி மாத்திரையை வருடக்கணக்கில் தானாக வாங்கி விழுங்கிச் சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொண்ட உறவினர் ஒருவராவது அவர்களுக்கு இருப்பார். மருந்தடித்த திராட்சைப் பந்தலின் கீழ் நின்றவர்களுக்கு அந்த நெடி தெரியும். வலி உண்மை, கோபம் நியாயம். குற்றவாளி என்று கை நீட்டும் திசைதான் தவறு. அந்தத் தவறால் யாருக்கு லாபம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

1. அந்நியம் என்றால், எது அந்நியம்?

போடிக்கு மேலே குரங்கணி, கொட்டகுடிப் பக்கம் காப்பிக்கு நிழல் தரும் மரங்களில் மிளகுக் கொடி ஏறிக் கிடக்கிறது. அந்த மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரினை 1819இல் டென்மார்க்கின் ஓர்ஸ்டெட் பிரித்தெடுத்தார். மின்சாரம் பாயும் கம்பி காந்த ஊசியை அசைப்பதை அடுத்த ஆண்டு கண்டு சொன்ன அதே ஓர்ஸ்டெட். பைப்பரினுக்குள் ஆறு மூலை கொண்ட வளையம் ஒன்று இருக்கிறது: ஐந்து மூலையில் கார்பன், ஆறாவதில் நைட்ரஜன். 1850களில் வேதியியலாளர்கள் பைப்பரினை உடைத்து அந்த வளையத்தைத் தனியே எடுத்தார்கள். அதுதான் பிப்பரிடின்.

இனி 2014க்கு வருவோம். அமெரிக்காவில் அனுமதி பெற்ற சிறு மூலக்கூறு மருந்துகள் அனைத்தையும் அரிசோனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நியார்தார்சன் குழு வரிசைப்படுத்திப் பார்த்தது. அவற்றில் 59 சதவீதத்தில் நைட்ரஜன் ஏறிய வளையம் ஒன்றாவது இருந்தது. அந்த வளையங்களில் முதலிடம் பிப்பரிடினுக்கு. அடுத்த பத்தாண்டில் அனுமதி பெற்ற மருந்துகளை அதே குழு எண்ணியபோது 59 என்பது 82 ஆகியிருந்தது. அதாவது, 'அந்நிய கெமிக்கல்' என்று நாம் சுட்டிக்காட்டும் மாத்திரைகளில் அதிகம் இடம்பெற்ற நைட்ரஜன் வளையம், முதன்முதலில் மிளகிலிருந்து கைக்கு வந்தது.

மிளகோடு நிற்கவில்லை இது. சின்னமனூர் வெற்றிலையின் பச்சையும் நம் இரத்தத்தின் சிவப்பும் நைட்ரஜன் ஏறிய ஐம்மூலை வளையங்கள் நான்கு நான்காகக் கோத்த கட்டுமானங்கள். மரபணுவின் நான்கு எழுத்துகளும் நைட்ரஜன் வளையங்களே. காப்பியின் காஃபீன் இன்னொன்று. இந்தச் சேர்மங்களுக்கு உடம்பில் இடமில்லை என்பவருக்கு உடம்பே இல்லை.

மருந்து செய்கிறவர்கள் ஏன் இந்த வளையங்களையே நாடுகிறார்கள்? நைட்ரஜனிடம் யாருக்கும் கொடுக்காத எலக்ட்ரான் ஜோடி ஒன்று மிச்சம் இருக்கிறது. அதை வைத்து அது அமிலத்திலிருந்து ஒரு புரோட்டானைப் பிடித்துக்கொண்டு உப்பாகும். உப்பானால் தண்ணீரில் கரையும், இரத்தத்தில் ஓடும். புரோட்டானை விட்டுவிட்டால் செல்லின் கொழுப்புச் சவ்வைத் தாண்டி உள்ளே போகும். புரதத்தின் குழிக்குள் போய் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒட்டிக்கொள்ளவும் அதே எலக்ட்ரான் ஜோடி உதவும். நீரிலும் கொழுப்பிலும் ஒருசேரப் பிழைக்கத் தெரிந்த பொருளே பெரும்பாலும் மருந்தாகிறது. செடிகள் இதைப் பல கோடி ஆண்டுகளாகச் செய்கின்றன, பூச்சியை விரட்ட. நாம் 200 ஆண்டுகளாகச் செய்கிறோம்.

2. இயற்கை கெடுக்காது என்று யார் சொன்னது?

தாம்பூலத் தட்டில் வெற்றிலைக்குப் பக்கத்தில் இருப்பது பாக்கு. அதில் அரிகோலின் இருக்கிறது. அதுவும் ஆறு மூலை நைட்ரஜன் வளையம், எந்தத் தொழிற்சாலையும் தொடாதது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் பாக்கை, புகையிலை சேராத வெறும் பாக்கையே, மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதியானது என்ற முதல் பட்டியலில் வைத்தது. புகையிலையின் நிகோட்டினில் இரண்டு நைட்ரஜன் வளையங்கள். அதுவும் சுத்தமான இயற்கை.

நஞ்சு எங்கே, மருந்து எங்கே என்று இன்னும் கிட்டத்தில் பார்க்க வேண்டுமானால் க.விலக்கிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, தோட்டம் சூழ்ந்த எந்த ஊரின் அரசு மருத்துவமனைக்கோ போகலாம். பூச்சிமருந்தைக் குடித்துவிட்ட ஒருவரைக் கொண்டுவருகிறார்கள். கண்மணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருக்கும். வாயில் நுரை, உடம்பெல்லாம் வேர்வை, நெஞ்சில் சளி கரகரக்கும் சத்தம். குடித்தது குயினால்பாஸ் என்று வைத்துக்கொள்வோம்; அதில் நைட்ரஜன் வளையம் உண்டு. மருத்துவர் ஏற்றுவது அட்ரோப்பின், அதிலும் உண்டு. அட்ரோப்பின் நம் வேலியோரத்து ஊமத்தையின் குடும்பத்துச் சரக்கு. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவை இரட்டிப்பாக்கி, நெஞ்சுச் சத்தம் அடங்கி நாடி எழும்வரை கொடுக்கிறார்கள். அளவு மிஞ்சினால் அதே ஆள் உளறுவார், படுக்கை விரிப்பைப் பிடுங்குவார். ஊமத்தங்காய் தின்றவருக்கு ஆவதுபோலவே. ஒரு கட்டில், இரண்டு வளையம்: ஒன்று கொல்ல வந்தது, இன்னொன்று காக்க வந்தது. காக்க வந்ததும் எல்லை தாண்டினால் கெடுக்கும். இதில் எங்கே கோடு போடுவீர்கள், இயற்கை என்றும் கெமிக்கல் என்றும்?

3. பக்க விளைவு இல்லாத மிளகு எங்கே விற்கிறது?

மஞ்சளோடு மிளகைச் சேர்த்தால் உடம்பில் 20 மடங்கு ஏறும் என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். அது பொய்யல்ல. 1998இல் பெங்களூருவில் நடந்த ஆய்வு: மஞ்சளின் சத்தான குர்குமின் 2 கிராமோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது இரத்தத்தில் சேர்ந்த குர்குமின் 20 மடங்கு கூடியது. ஆனால் ஏன் கூடியது என்பதை மேடையில் யாரும் சொல்வதில்லை. வெளிப்பொருளைச் சிதைத்து அனுப்பக் கல்லீரலும் குடலும் வைத்திருக்கும் நொதிகளின் கையைப் பைப்பரின் கட்டிவிடுகிறது. கட்டிய கை மஞ்சளுக்கு மட்டும் கட்டுப்பட்டுக் கிடக்காது. வலிப்பு மாத்திரையான ஃபெனிட்டாயின், ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின், இரத்த அழுத்தத்துக்கான புரோப்ரனலால் ஆகியவற்றின் அளவும் இரத்தத்தில் ஏறுவதை மனிதர்களிடமே பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். ரசத்தில் விழும் மிளகு பெரிய சேதம் செய்யாது. 'நூறு சதவீதம் இயற்கை' என்று அச்சிட்ட மஞ்சள்-மிளகு மாத்திரையை, மருத்துவரிடம் சொல்லாமல் வலிப்பு மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் கதை வேறு.

இதே குணத்தைத் தெரிந்தே பயன்படுத்தியவர்களும் உண்டு. ஜம்முவிலுள்ள அரசு ஆய்வு நிறுவனமும் காடிலா நிறுவனமும் சேர்ந்து, காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினில் 10 மில்லிகிராம் பைப்பரினைச் சேர்த்தன. வழக்கமாக 450 மில்லிகிராம் கொடுக்கும் ரிஃபாம்பிசினை 200 ஆகக் குறைத்தார்கள். 2009இல் ரிசோரின் என்று கடைக்கு வந்தது. அது நாட்டு மருந்தா, இங்கிலீஷ் மருந்தா? கேட்டுப் பாருங்கள், பதில் வராது. கேள்வியே உப்புப் பெறாதது.

4. பாட்டன் எதை வைத்துப் பிழைத்தான்?

பிழைத்தவர்களின் பேரன்கள்தான் இன்று பேசுகிறார்கள். போனவர்களுக்குப் பேச ஆளில்லை. 1887 முதல் 1895 வரை பெரியாறு அணை கட்டியபோது நோயில் செத்தவர்கள் மட்டும் 400க்கு மேல். அணைக்குப் பக்கத்திலேயே கல்லறை இருக்கிறது. மலேரியா என்னும் காட்டுக் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் அஞ்சிக்கொண்டே வேலை நடந்தது. அணையைக் கட்டிய பென்னிகுயிக்குக்கு லோயர் கேம்பில் மணிமண்டபம் இருக்கிறது, பிறந்தநாளுக்குப் பொங்கல் வைக்கிறோம், வைக்கத்தான் வேண்டும். அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு, 'அந்தக் காலத்தில் நோயே இல்லை' என்று சொல்லக் கூடாது.

காட்டுக் காய்ச்சலை அன்று தடுத்தது சின்கோனாப் பட்டை. அதன் சத்தான குயினைனை 1820இல் பெல்லத்தியேவும் கவந்துவும் பாரிசில் பிரித்தார்கள். குயினைனுக்குள்ளும் நைட்ரஜன் வளையங்கள்தான். 1860களில் நீலகிரியில் சின்கோனா நட்டார்கள். பட்டை இயற்கையானதுதான், ஆனால் மரத்துக்கு மரம் சத்து மாறும்; ஒரு பட்டையில் இருப்பது இன்னொன்றில் பாதிகூட இருக்காது. அப்போது சென்னை மாகாண அரசு என்ன செய்தது? 'இயற்கைதானே, எல்லாம் நல்லது' என்று விடவில்லை. சின்கோனா ஆணையம் அமைத்து, பட்டையின் நைட்ரஜன் சத்துகளான நான்கு ஆல்கலாய்டுகளையும் தனித்தனியே உப்பாக்கி, 1866 முதல் 1868 வரை 3600 காய்ச்சல்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்தது. நான்குமே நன்றாக வேலை செய்தன. ஒரு மருந்தை எண்ணிப் பார்த்து நம்பும் வழக்கத்தில் உலகத்துக்கே முன்னோடியான சோதனைகளில் அதுவும் ஒன்று, நம் மாகாணத்தில் நடந்தது. நம் மரபு என்று பெருமைப்பட வேண்டியதை விட்டுவிட்டு வேறெதையோ பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

முன்னோர் கெமிக்கலைத் தொடவில்லை என்பவர் சித்த மருத்துவ நூல் எதையும் புரட்டியவர் அல்லர் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாதரசம், கந்தகம், பாஷாணம்: இவற்றைச் சுத்தி செய்யாமல் கொடுக்கக் கூடாது என்று எழுதிவைத்தவர்கள் சித்தர்கள். நல்ல வைத்தியருக்கு இது தெரியும். வைத்தியர் வேடம் போட்டவருக்குத்தான் தெரியாது.

சரி, காசநோய்க்கு வருவோம், ஏனென்றால் 'கெமிக்கல்' பேச்சு ஆளைக் கொல்லும் இடம் அதுதான். நல்ல சாப்பாடு, நல்ல காற்று, ஓய்வு. உடம்பு தானாகவே நோயை வெல்லும் என்கிறார்கள். அதை உலகம் முழு மனதோடு செய்து பார்த்தது. அதற்குப் பெயர் சானடோரியம். மலை, பைன் மரம், பால், முட்டை, படுக்கை எல்லாம் கொடுத்தும் ஏராளமானோர் செத்தார்கள். பிறகு ஐசோனியாசிட் வந்தது. பிரிடின் என்னும் ஆறு மூலை நைட்ரஜன் வளையம் ஒன்று, அதில் ஒரு சிறு கை, அவ்வளவே. 1912இல் பிராகில் இருவர் அதைத் தயாரித்துவிட்டுப் பயன் தெரியாமல் அலமாரியில் வைத்தார்கள். 1952இல்தான் காசநோய்க் கிருமியைக் கொல்லும் என்று உலகுக்குத் தெரிந்தது. 1956இல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கியது. ஏழை நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்தில் வைத்தார்கள், மறு பாதியை நெரிசலான அவரவர் வீட்டிலேயே வைத்தார்கள். இரு தரப்புக்கும் ஒரே மாத்திரைகள். வீட்டில் இருந்தவர்கள் குறைவாகச் சாப்பிட்டார்கள், அதிகமாக உழைத்தார்கள். 1959இல் முடிவு வெளியானது: குணமானது இரு தரப்பிலும் ஏறக்குறைய சமம். சானடோரியக் காலம் அதோடு முடிந்தது.

சாப்பாட்டைக் குறைத்துச் சொல்லவில்லை. ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், காசநோயாளிகளின் குடும்பத்துக்கு உணவுப்பொருள் கொடுத்த வீடுகளில் புதிதாக நோய் வருவது ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. தமிழ்நாடும் 2022 முதல் காசநோயாளிகளின் உடல் மெலிவைத் தொடக்கத்திலேயே அளந்து, நிலை மோசமானவர்களை உடனே மருத்துவமனையில் சேர்க்கும் திட்டத்தை நடத்துகிறது. இரண்டிலும் ஒரு நோயாளியிடமும் மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை.

5. செடியே போதுமென்றால், காடு போதுமா?

நித்யகல்யாணி நம் வாசலில் பூக்கிறது. இரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளைக் காக்கும் வின்கிரிஸ்டினும் அதன் உடன்பிறப்பான வின்பிளாஸ்டினும் அதன் இலையிலிருந்து வருகின்றன. ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். இந்தக் கணக்கில் எல்லா நோய்க்கும் இலையைத் தேடினால் மேகமலை ஒரு பருவத்துக்குத் தாங்காது.

செடி ஆரம்பத்தைக் காட்டும், முடிவைக் காட்டுவதில்லை. ஆடாதோடையில் வாசிசின் இருக்கிறது, நைட்ரஜன் வளையத்தோடு. அதைப் பார்த்து வேதியியலாளர்கள் வளையத்தை அவிழ்த்து, புரோமின் சேர்த்து, புரோம்ஹெக்சினும் அதன் வழியாக ஆம்பராக்சாலும் செய்தார்கள். மருந்துக்கடையில் இருமல் சிரப் வாங்கிக் குடித்துவிட்டு 'பாட்டி வைத்தியம் மாதிரி வருமா' என்று பெருமூச்சு விடுகிறவர் குடித்தது, பல நேரம் பாட்டி காய்ச்சிய ஆடாதோடையின் பேரப்பிள்ளை. ரிஃபாம்பிசினும் அப்படித்தான். மண் கிருமி கொடுத்த ரிஃபாமைசினை வாய்வழி கொடுத்தால் பயனில்லை. மிலானில் அதன் மேல் பிப்பரசின் என்னும் நைட்ரஜன் வளையத்தைக் கையாகப் பொருத்தினார்கள். அதன் பிறகே அது மாத்திரையானது. வேதியியல் கூடத்தில் இந்த வளையங்கள் தனித்தனிப் புட்டிகளில் இருக்கும். எங்கே கையை ஒட்டுவது, எந்தக் கையை எடுப்பது என்பதில்தான் வேலை. பிரிடின் வளையத்தின் மூன்றாம் மூலையில் ஒரு கையை வைத்தால் வைட்டமின் பி3. நான்காம் மூலையில் வேறொரு கையை வைத்தால் ஐசோனியாசிட். ஐசோனியாசிட்டால் கைகால் மரத்துப்போகாமல் இருக்கக் கூடவே கொடுக்கும் வைட்டமின் பி6ம் பிரிடின் வளையமே.

6. அப்படியானால் இந்தப் பேச்சால் யாருக்கு லாபம்?

முதலில் போலி வைத்தியருக்கு. அவர் எதைக் கொடுத்தார், எவ்வளவு கொடுத்தார் என்று யாரும் கேட்பதில்லை. கெமிக்கல் இல்லை என்ற ஒரு சொல் போதும்.

இரண்டாவது, தோட்ட முதலாளிக்கும் பூச்சிமருந்து வியாபாரிக்கும். விடியுமுன் போடியிலும் கம்பத்திலும் தேவாரத்திலும் ஜீப்பில் நெருக்கி ஏறி, கேரளத்து ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்கள் இருக்கிறார்கள். இந்திய ஏலக்காயைப் பூச்சிமருந்து எச்சத்துக்காகச் சவூதி அரேபியா திருப்பி அனுப்பியது செய்தியானது. அந்தச் செடிகளுக்கு நடுவில் நாள் முழுக்க நின்று காய் பறித்தவர்களின் இரத்தத்தை யார் பரிசோதித்தார்கள்? 'எல்லாமே கெமிக்கல், என்ன செய்ய' என்று பொதுவில் சலித்துக்கொண்டால் அந்தக் கேள்வி கரைந்துபோகிறது. கேட்க வேண்டியது வேறு: அடித்தது குயினால்பாஸா, குளோர்பைரிபாஸா? எந்த அளவில்? அடித்து எத்தனை நாள் கழித்துத் தோட்டத்துக்குள் ஆளை விட்டீர்கள்? கையுறை யார் செலவு?

மூன்றாவது லாபம்தான் பெரியது. அது மருந்துக் கம்பெனிக்கு. கம்பெனியைத் திட்டுவதாக நினைத்துக்கொண்டு வேதியியலைத் திட்டுகிறோம். வளையத்துக்கு விலை கிடையாது. விலை காப்புரிமைக்கு.

வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத காசநோய்க்குப் பழைய சிகிச்சை, மாதக்கணக்கில் கானமைசின் போன்ற ஊசிகள். கானமைசின் மண் கிருமியிலிருந்து வரும் இயற்கைச் சரக்கு; காதைச் செவிடாக்கும். அதற்கு மாற்றாக வந்தது பெடாகுவிலின், குயினோலின் என்னும் நைட்ரஜன் வளையத்தின் மேல் ஆய்வகத்தில் கட்டிய மாத்திரை, 2012 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. உரிமை ஜான்சன் அண்ட் ஜான்சனிடம். அடிப்படைக் காப்புரிமை 2023 ஜூலையில் முடிய வேண்டியது. கம்பெனி, அதே மருந்தின் ஃபியூமரேட் உப்புக்குத் தனிக் காப்புரிமை கேட்டு ஏகபோகத்தை 2027 வரை நீட்டப் பார்த்தது.

எதிர்த்து மனுச் செய்தவர்களில் இருவர் பெண்கள்: மும்பையின் நந்திதா வெங்கடேசன், தென்னாப்பிரிக்காவின் ஃபுமேசா டிசிலே. இருவரும் காசநோயிலிருந்து மீண்டவர்கள். இருவரும் அந்தச் சிகிச்சையில் செவித்திறனை இழந்தவர்கள். மருந்தின் பக்க விளைவைப் பற்றிப் பேச அவர்களைவிட உரிமை உள்ளவர் யார்? அவர்கள் 'கெமிக்கல் வேண்டாம்' என்று எழுதவில்லை. நைட்ரஜன் உள்ள மருந்தை அமிலத்தோடு சேர்த்து உப்பாக்குவது வேதியியல் தெரிந்த எவருக்கும் தோன்றக்கூடியது, அதில் கண்டுபிடிப்பு எதுவுமில்லை என்று வாதிட்டார்கள். 2023 மார்ச் 23 அன்று இந்தியக் காப்புரிமை அலுவலகம் கம்பெனியின் விண்ணப்பத்தைத் தள்ளியது. ஜூலையில் பழைய காப்புரிமையும் முடிந்தது. அதன் பிறகு பெடாகுவிலினை இந்தியாவில் யாரும் செய்து விற்கலாம் என்றானது.